புல்வெட்டியைக் கழற்றியவர்

கழற்றுபவர்கள் என்று ஒரு மனித ரகம் உண்டு. தெருவுக்கு ஒருவர் வீதம் ஆண்டவன் அளந்து அனுப்பியிருக்கிறான். உங்கள் தெருவில் அவர் யார் என்று கண்டுபிடிப்பது சுலபம். சாயங்காலம் வாசலில் பழைய பேப்பரை விரித்து, நேற்றுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு சாமானை அதன் மேல் பரப்பி, காதில் பென்சிலும் வாயில் இரண்டு ஸ்க்ரூவுமாக உட்கார்ந்திருப்பார். நீங்கள் வணக்கம் சொன்னால் பதில் வராது. கோபித்துக்கொள்ளாதீர்கள், வாயைத் திறந்தால் ஸ்க்ரூ விழுந்துவிடும்.

இவரை மெக்கானிக் என்று நினைத்துவிடக் கூடாது. மெக்கானிக் திரும்ப மாட்டுவதற்காகக் கழற்றுகிறவர். வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குகிறவர். நம்மவருக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. நின்றுபோன கடிகாரம், பேசாத ரேடியோ, காற்றைத் தவிர மற்றதெல்லாம் தருகிற ஃபேன், இவற்றில் எதைக் கண்டாலும் இவர் முகத்தில் கல்யாணக் களை கட்டிவிடும். சரி, நன்றாக ஓடுகிற கடிகாரத்தைக் கண்டால்? காதைக் கொண்டுபோய் ஒட்டி வைத்துக் கேட்பார். "சத்தம் சரியில்லையே" என்பார். அதற்கப்புறம் அந்தக் கடிகாரம் சத்தமே போடாது.

பேச்சை வைத்தும் ஆளைப் பிடித்துவிடலாம். சாமான் இன்னும் அடுத்தவர் வீட்டில் இருக்கும்போது, "இதுக்கு எதுக்குங்க வெளி ஆளு?" என்பார். தன் வீட்டுக்குக் கொண்டுவந்து மூடியைத் திறந்ததும், "உள்ள ஒண்ணுமே இல்லீங்க, சின்ன வேலை" என்பார். எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்பது மறந்துபோனதும், "இந்த மாதிரி சாமானெல்லாம் இப்ப எவன் செய்யறான்" என்று பெருமூச்சு விடுவார். அதற்குப் பிறகு "இன்னும் ஒரே நாள் வேலைதான்" என்று ஆரம்பிப்பார். அதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருப்பார்.

திருச்சி மேலப்புதூரில் குடியிருந்த ஸ்தனிஸ்லாஸ் இந்த ரகத்தில் முதல் தரம். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. அதைக் கேட்டதுமே, ஒரு முழு ரயில் இன்ஜினைத் தனியாளாகப் பிரித்துப் பூட்டுகிறவர் என்று தெரு அவரை மதித்தது. அவர் இருந்ததென்னவோ லீவ் செக்‌ஷனில். யாருக்கு எத்தனை நாள் லீவ் பாக்கி என்கிற காகிதத்தைத் தவிர அங்கே அவர் எதையும் தொட்டதில்லை. ஆனால் பகலெல்லாம் இரும்பு அடிக்கிற சத்தம் ஜன்னல் வழியாக வந்து வந்து, தொழில் தானாகவே உடம்பில் ஊறிவிட்டதாக அவர் நம்பினார். நம்பிக்கைக்கு லைசென்ஸ் வேண்டுமா என்ன?

அவர் மனைவி செல்வமேரி, தில்லை நகர்ப் பக்கம் ஒரு கான்வென்ட் ஸ்கூலில் கணக்கு டீச்சர். கல்யாணச் சீரோடு வந்த தையல் மெஷினை மறுவீடு போய்த் திரும்புவதற்குள் ஸ்தனிஸ்லாஸ் கழற்றிவிட்டார். அது இன்றைக்கும் கோணிப்பையில் பரண் மேல் இருக்கிறது. அன்றைக்கே அந்த அம்மாளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அழுது பார்த்தார், சண்டை போட்டுப் பார்த்தார், பிறகு வீட்டில் எந்தச் சாமான் பழுதானாலும் புருஷன் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கக் கற்றுக்கொண்டார். ஒருமுறை நின்றுபோன டைம்பீஸை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருக்கிறார். எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார் மனுஷன்.

எழுபத்தெட்டாம் வருஷம் செல்வமேரிக்கு ஓர் ஆசை வந்தது. ஸ்கூலின் தலைமையாசிரியை சிஸ்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போவதாகப் பேச்சு. அதுவரை அந்த நாற்காலியில் கன்னியாஸ்திரீகளைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. கான்வென்ட்டை நடத்திய மதர் அனஸ்தாசியா ஒருநாள் ஸ்டாஃப் ரூமில், "இந்தத் தடவை டீச்சர்ஸ்லயே ஒருத்தரைப் போடலாமான்னு யோசிக்கிறேன்" என்று சொல்லி, செல்வமேரியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அற்புதம்மாள் டீச்சரையும் பார்த்துச் சிரித்தார். அற்புதம்மாள் சர்வீஸில் இளையவர்தான். ஆனால் அவருடைய கணவர் பல்பு ஃபியூஸ் போனால்கூட ஆள் கூப்பிடுகிற உத்தமர்.

செல்வமேரிக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. வெளியில் சொல்லவில்லையே தவிர, ராத்திரி படுக்கும்போதும் காலையில் பால் காய்ச்சும்போதும் அதே நினைப்புதான். பின்னக் கணக்கு சொல்லிக் கொடுத்தே தேய்ந்துபோன தொண்டை அவருடையது. பாதிக் கதவு போட்ட தலைமையாசிரியை அறைக்குள் உட்கார்ந்து, பெல் அடிக்கச் சொல்லிக் கண்ணால் காட்டினால் போதும் என்கிற நிலைமை ஒருநாளாவது தனக்கு வரவேண்டும் என்று ஏங்கினார்.

இந்த நேரத்தில்தான் புல்வெட்டி வந்து சேர்ந்தது.

கான்வென்ட்டுக்கு முன்னால் பெரிய புல்தரை. அதை வெட்ட ஒரு பெட்ரோல் மெஷின். சிஸ்டர்களின் சபைக்கே தலைவியாக ஐரோப்பாவில் இருந்த பெரிய மதர், இந்தியச் சகோதரிகள் அரிவாளோடு குனிந்து நிற்கும் போட்டோவைப் பார்த்து மனம் இளகிக் கப்பலில் அனுப்பியது. அது வந்த அன்றைக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்து, தோட்டக்காரர் அடைக்கலத்தின் கையில் கொடுத்தார்கள். எழுபத்தேழு வெள்ளத்தில் காவிரி வந்து ஊரைப் பார்த்துவிட்டுப் போனபோது மெஷின் கொட்டகைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. அதோடு மெஷின் படுத்துவிட்டது. அடைக்கலம் கயிற்றை இழுத்து இழுத்துத் தோளுக்கு எண்ணெய் தடவினார். சிஸ்டர்கள் ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லிவிட்டு ஆளுக்கொரு தரம் இழுத்தார்கள். மெஷின் அசையவில்லை.

மனைவிக்குக் குடை கொடுக்க வந்த ஸ்தனிஸ்லாஸின் காதில் இது விழுந்தது.

"இதுக்கு எதுக்குங்க மதர் வெளி ஆளு?" என்றார்.

"உங்களுக்கு இதெல்லாம் பழக்கம் உண்டா?" என்று மதர் கேட்டார்.

"பொன்மலைல இருக்கேனுங்க மதர்" என்றார் ஸ்தனிஸ்லாஸ். அது பொய் இல்லை. செல்வமேரி மதரின் முதுகுக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டினார், தலையை ஆட்டினார், கையெடுத்துக் கும்பிடக்கூடச் செய்தார். கழற்றுபவர்களுக்கு மெஷின் இருக்கும் திசையில் மட்டும்தான் பார்வை தெரியும்.

சைக்கிள் ரிக்‌ஷாவில் மெஷினை உட்காரவைத்து, தான் பின்னால் நடந்தே மேலப்புதூர் வந்து சேர்ந்தார். அன்று சாயங்காலமே கூடத்தின் நடுவில் அது அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது. கழற்றுவதில் இவர்களுக்கு இருக்கிற வேகத்தை நீங்கள் பார்க்கவேண்டும். சமையலறையில் இருந்து ஒவ்வொரு சாமானாகக் கூடத்துக்குக் குடிபெயர்ந்தது. தோசைத் திருப்பியால் கரி சுரண்டினார். மீன் குழம்புச் சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பிஸ்டனை ஊறவைத்தார். கழல மறுத்த இரும்புச் சக்கரத்தை அம்மிக் குழவியால் தட்டினார். கழற்றிய துண்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாதே என்று இட்லித் தட்டின் குழிகளில் குழிக்கொன்றாகப் போட்டு வைத்தார். அந்த வீட்டில் இட்லி நின்றது. உப்புமா வந்தது. மறுபடியும் உப்புமா வந்தது.

இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் வைக்கிற காகித அட்டை கிழிந்திருந்தது. அதற்கு ஸ்தனிஸ்லாஸ் எங்கும் அலையவில்லை, அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகை நல்ல கெட்டி அட்டையாகக் கையில் சிக்கியது. அளவாக வெட்டிக்கொண்டார். பூசை நேரம் அச்சடித்திருந்த இடத்தில் ஒரு வட்ட ஓட்டை. கல்யாணத்துக்குப் போனபோது பொண்ணு மாப்பிள்ளையும் பிரியாணியும் ஒருசேரக் கிளம்பிப் போயிருந்தார்கள். அண்ணன் இரண்டு மாசம் பேசவில்லை.

கழற்றுபவர் தனியாக இருக்கிறவரை ஆபத்து ஒரு அளவோடு நிற்கும். இரண்டு பேர் சேர்ந்தால்? ஸ்தனிஸ்லாஸுக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு கூட்டாளி இருந்தார். பெயர் சௌரிராஜன், வடக்குச் சித்திரை வீதி. காலேஜில் பிசிக்ஸ் லேபில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்து ரிடையர் ஆனவர். அவர் வீட்டுக் கிணற்று மோட்டார் எமர்ஜென்சிக்கு முன்னாலேயே கழற்றப்பட்டது. எமர்ஜென்சி வந்து போய்விட்டது, மோட்டார் அப்படியே இருக்கிறது. ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, கையில் கூஜாவோடு வந்து இறங்குவார். மேலப்புதூரில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். மண்ணெண்ணெயில் முழங்கைவரை முக்குவதற்கு மட்டும் ஆட்சேபணை கிடையாது.

"பிஸ்டனை ஏளப்பண்ணியாச்சோ?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார். பெருமாளைப் பல்லக்கில் எழுந்தருளப் பண்ணுகிற பாஷையை அவர் பிஸ்டனுக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"இல்ல சாமி. ரிங்கு ஏறமாட்டேங்குது" என்பார் ஸ்தனிஸ்லாஸ்.

"ஓய், பலாத்காரம் கூடாது. அடியேன் காலேஜ்ல பாக்காத ரிங்கா?" என்று சௌரிராஜன் உட்கார்ந்து தொடுவார். ரிங்கு இரண்டாக உடையும். "பழைய இரும்பு, ஸ்வாமி. ஆயுசு அவ்வளவுதான்" என்று அதற்கு மோட்சமும் கொடுத்துவிடுவார். பிறகு இருவருமாகப் பெரிய கடை வீதியில் புது ரிங்கு தேடிக் கிளம்புவார்கள். அது ஒரு திருவிழா. கடை கடையாக ஏறி இறங்கி, கிடைக்காத ரிங்குக்குப் பதில் கிடைத்த ரிங்கை வாங்கிவந்து, அதை அரத்தால் தேய்த்து மெலியவைக்கிறதில் ஒரு மாசம் போகும்.

இதற்கிடையில் ஸ்கூலில் மதர், திங்கட்கிழமைதோறும் செல்வமேரியைப் பார்த்து, ஆஸ்பத்திரியில் கிடக்கிற சொந்தக்காரரை விசாரிப்பதுபோல், "மெஷினுக்கு இப்ப எப்படி இருக்கு டீச்சர்?" என்று கேட்பார். "இன்னும் ஒரே நாள்னு சொல்றாங்க மதர்" என்பார் செல்வமேரி. சொல்லும்போது அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துவிடும். பக்கத்தில் அற்புதம்மாள் நோட்டுத் திருத்திக்கொண்டே உதட்டுக்குள் சிரிப்பார். ஆடி பிறந்து ஒரு மழையும் பெய்ததும் புல் முழங்காலைத் தொட்டது. ஒரு சாரைப் பாம்பு அங்கே குடும்பத்தோடு வந்து தங்கியது. அரிவாளால் அறுத்துவிடலாமே என்று அடைக்கலம் கேட்டதற்கு மதர் ஒப்பவில்லை. காரணம், பெரிய மதரே நேரில் வரப்போகிறார் என்று கடிதம் வந்திருந்தது. வந்தால் முதல் கேள்வி தான் அனுப்பிய மெஷினைப் பற்றித்தான் இருக்கும். தலைமையாசிரியை யார் என்பதும் அந்த விஜயத்தின்போதே முடிவாகும்.

அன்று வீட்டுக்கு வந்த செல்வமேரி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கூடத்தில் இருவரும் ஒரு ஸ்பிரிங்கை நடுவில் வைத்துக்கொண்டு தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள்.

"என்னங்க, எனக்கு அந்த வேலை வேணும்" என்றார். "தையல் மெஷினைப் பிரிச்சீங்க, ஒண்ணும் சொல்லல. ரேடியோவைப் பிரிச்சீங்க, ஒண்ணும் சொல்லல. இந்த வேலை போச்சுன்னா நான் சும்மா இருக்கமாட்டேன். அந்தம்மா வர்றதுக்குள்ள அது ஓடணும். இல்லன்னா ஓடாதுன்னு இப்பவே சொல்லிடுங்க, நான் மதர் கால்ல விழுந்துடறேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. சௌரிராஜன் கூஜாவை எடுத்துக்கொண்டு தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஸ்தனிஸ்லாஸுக்கு உண்மையாகவே மனசு கலங்கிப்போனது. கெட்ட மனுஷன் இல்லை அவர். கழற்றுபவர்களில் கெட்டவர்களே கிடையாது, அதுதான் தொல்லையே.

"ஓடும் மேரி" என்றார்.

அன்று முதல் இரண்டு பேரும் மும்முரமாக மாட்டினார்கள். இட்லித் தட்டு ஒவ்வொரு குழியாகக் காலியாகிவந்தது. பெரிய மதர் வருவதற்கு முதல்நாள் மெஷின் முழு உருவம் பெற்று, துடைத்து, எண்ணெய் போட்டு, பளபளவென்று நின்றது. ஒரே ஒரு குழியில் மட்டும் பல்லுக்குச்சி கனத்தில் ஒரு சின்ன இரும்புத் துண்டு மிச்சமிருந்தது.

"இது எங்கேர்ந்து வந்துது சாமி?"

சௌரிராஜன் அதைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கம்பெனிக்காரன் உபரியாப் போட்டிருப்பான், ஓய். வெளிநாட்டுக்காரன் தாராளம்" என்றார்.

"ஒரு தரம் ஓட்டிப் பாத்துடுங்களேன்" என்றார் செல்வமேரி.

"வீட்டுக்குள்ள புகை வேணாம் மேரி. அங்க போயி, அந்தம்மா கண்ணு முன்னாலயே ஸ்டார்ட் பண்ணுவோம்."

அந்தத் துண்டு என்ன தெரியுமா? அம்மிக் குழவியால் அடி வாங்கின அந்த இரும்புச் சக்கரம் தண்டில் எந்த இடத்தில் நிற்கவேண்டுமோ அந்த இடத்தில் அதைப் பிடித்து நிறுத்துகிற சாவி. அது இல்லாவிட்டால் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் தள்ளி நிற்கும், தீப்பொறி நேரம் கெட்டு வரும். அப்படி வந்தால், ஒன்று இந்த மாதிரிச் சின்ன இன்ஜின் கிளம்பாது, இல்லாவிட்டால் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு கிளம்பும்.

மறுநாள் காலை புல்தரை ஓரத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நடுவில் பெரிய மதர், வெள்ளை வெளேரென்று, வெயிலில் வெந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மதர் அனஸ்தாசியா. வரிசையாகச் சிஸ்டர்கள், டீச்சர்கள். செல்வமேரி ஜெபமாலையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். ஸ்தனிஸ்லாஸ் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையும் சௌரிராஜன் பஞ்சகச்சமுமாக முழங்கால் உயரப் புல்லில் இறங்கினார்கள். ஸ்தனிஸ்லாஸ் சிலுவை போட்டுக்கொண்டார். சௌரிராஜன் அவர் பங்குக்கு வடக்கே ஸ்ரீரங்கம் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். கயிற்றை இழுத்தார்கள்.

ஒரே இழுப்பில் மெஷின் கிளம்பியது. வகுப்பு ஜன்னல்களிலிருந்து பெண்பிள்ளைகள் கை தட்டினார்கள், செல்வமேரிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஸ்தனிஸ்லாஸ் கூட்டத்தைப் பார்த்துத் தலை குனிந்துவிட்டு, ஓட்டுகிற லிவரைத் தள்ளினார். மெஷின் முன்னால் போகவில்லை. அவரைப் பார்த்து வந்தது.

முதலில் அவர் அதை விளையாட்டாகத்தான் நினைத்தார். இரண்டடி பின்வாங்கினார். அது நாலடி வந்தது. கைப்பிடியை விட்டுவிட்டுத் திரும்பி ஓடினார். "நிறுத்தும் ஓய், நிறுத்தும்" என்று கத்திக்கொண்டே சௌரிராஜன் குறுக்கே புகுந்து தீப்பொறிக்குக் கரண்ட் கொண்டுபோகிற பிளக் ஒயரைப் பிடுங்கப் போய், கரண்ட் ஷாக் வாங்கி, ரங்கா ரங்கா என்று கூப்பிட்டுக்கொண்டு அவரும் ஓடினார். பாம்புக் குடும்பம் வேலியைத் தாண்டி வெளியேறியது. புல்தரைக் கோடியில் மாதா கெபி. கற்களை அடுக்கிக் கட்டிய குகைக்குள் மாதா சொரூபம், அதன் காலடியில் ஒரு மேடை. இருவரும் அதன் மேல் ஏறிக்கொண்டார்கள். மாதாவுக்கு வலப்பக்கம் மேலப்புதூர், இடப்பக்கம் வடக்குச் சித்திரை வீதி. மெஷின் கெபியின் படிக்கட்டில் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, கரும்புகை கக்கி அடங்கியது. ஒரு புல் வெட்டுப்படவில்லை.

மேடை மேல் நின்றபடியே ஸ்தனிஸ்லாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பின்னால ஓடினா பிளேடு தானாத் தீட்டிக்குங்க மதர். இனிமே நல்லா வெட்டும்" என்றார்.

பெரிய மதர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. செல்வமேரி யாரையும் பார்க்காமல் நேராக ஏழாம் வகுப்புக்குப் போய், கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிப் போட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எல்லாம் போயிற்று என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் மதர் கூப்பிட்டு அனுப்பினார். செல்வமேரி போய் நின்றார்.

"பெரிய மதர் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க டீச்சர்" என்றார் மதர். "இந்த மனுஷனோட நீங்க எத்தனை வருஷமாக் குடும்பம் நடத்துறீங்கன்னு."

செல்வமேரி தரையைப் பார்த்தார்.

"சொன்னேன். இத்தனை வருஷத்துல ஒருநாள்கூட நீங்க கிளாஸ்ல குரலை உயர்த்தினதில்லன்னும் சொன்னேன். அப்படின்னா ஒரு ஸ்கூலைச் சமாளிக்கிறது அந்த டீச்சருக்கு ஒண்ணும் பெருசில்லன்னாங்க. திங்கக்கெழமைலேர்ந்து நீங்க அந்த ரூம்ல உக்காருங்க."

செல்வமேரி அழுதுவிட்டார். மதர் எழுந்துவந்து தோளைத் தட்டிக் கொடுத்தார். "ஒரே ஒரு கண்டிஷன். உங்க வீட்டுக்காரர் இந்த காம்பவுண்டுக்குள்ள எப்ப வந்தாலும் ரெண்டு கையையும் கட்டிக்கிட்டுத்தான் வரணும்" என்றார்.

விஷயத்தைக் கேட்டதும் ஸ்தனிஸ்லாஸ் என்ன சொன்னார் என்கிறீர்கள்? வெட்கப்பட்டார் என்றா? "பாத்தியா மேரி, அந்த மெஷினாலதான் உனக்கு வேலையே கிடைச்சுது" என்றார். அந்தப் பேச்சில் தப்புக் கண்டுபிடிக்க அந்தக் கணக்கு டீச்சரால் முடியவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கமுடியாத ஆத்திரமாக இருந்தது.

கதை இவ்வளவுதான். ஒரு நல்ல பெண்மணிக்கு நல்ல வேலை கிடைத்தது, சந்தோஷம் என்று நீங்கள் எழுந்து போயிருக்கலாம். போகவில்லையே? வெள்ளத்துக்குப் பிறகு அந்த மெஷின் உள்ளே எது கெட்டதால் நின்றது என்று இத்தனை பக்கத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லையே என்று உள்ளுக்குள் அரிக்கிறதா? கார்பரேட்டரில் தண்ணீர் இறங்கியிருக்கும், தன்னிடம் கொடுத்திருந்தால் அரை மணி வேலை என்று தோன்றுகிறதா? அப்படித் தோன்றினால் சத்தம் போடாமல் உள்ளே எட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டம்மா இந்நேரம் மிக்ஸியை எங்கே ஒளித்துவைக்கலாம் என்று இடம் தேடிக்கொண்டிருப்பார்.